மரியாதைக் கொடி

திரும்பிப் போகாதையுங்கோ தம்பி. கொடியைப் பாத்திட்டுத்தான் நிண்டனீங்கள் எண்டு எனக்கு விளங்கினது. நான் ஜன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டுதான் இருந்தனான். பாலத்தாலை இறங்கி வந்தியள், அந்த ஸ்ரீலங்காச் சிங்கக் கொடியைப் பாத்தியள், கையிலை இருந்த போனைப் பாத்தியள், திரும்பக் கொடியைப் பாத்தியள். தமிழ் ஆளின்ரை படகு வீடு, போட், விலைக்கு நிக்குது எண்டு சொல்லித்தானே உங்களை அனுப்பினவை. விலாசம் பிழைக்கேல்லை. நான்தான் விசுவலிங்கம். ஏறுங்கோ. அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு முதல் வலக்காலை வையுங்கோ. தலை கவனம்.

அப்பிடி அடுப்புக்குக் கிட்ட இருங்கோ. தேத்தண்ணி வைக்கிறன். போட்டை ஆறுதலாப் பாக்கலாம், அது எங்கையும் ஓடாது. ஓடினாலும் மணித்தியாலத்துக்கு நாலு மைல்தான். நீங்கள் கரையாலை நடந்து வந்தே பிடிக்கலாம்.

ஏன் விக்கிறியள் எண்டு போனிலை கேட்டனீங்கள். முழங்கால் நோ எண்டு சொன்னனான். நோ இருக்குத்தான், இல்லையெண்டு இல்லை. ஆனால் கொடியைக் கண்ட பிறகு உங்களுக்கு முழங்கால் கதை சொல்லிப் பிரயோசனம் இல்லை. சீனி எவ்வளவு? ரெண்டோ? சரி.

நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தாறு வருசம். பெற்றோல் செட்டிலை வேலை, பிறகு தபால் பிரிக்கிற இடத்திலை வேலை. புஷ்பம், என்ரை மனுசி, கிட்னி வருத்தத்திலை போயிட்டா. பிள்ளையள் இல்லை. அந்த வீட்டிலை அவவின்ரை மருந்துப் பெட்டியளைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாமல் வித்துப்போட்டு இஞ்சை வந்தனான். எங்கடை ஆக்கள் எல்லாரும் விசர் எண்டவை. தண்ணியிலை போய் இருக்கிறானாம். நான் காரைநகரான், எனக்குத் தண்ணி புதுசில்லை. ஆனால் இது வாய்க்கால். விழுந்தால் இடுப்பளவு, அவ்வளவுதான். அலையும் இல்லை.

இந்த வரிசையிலை பன்னிரண்டு போட். வந்த முதல் கிழமையே பாத்தன், எல்லாத்திலையும் கொடி. இவை கொடியிலை ஒரு பைத்தியம் தம்பி. உந்தக் கடைசியிலை நிக்கிற சிவப்புப் போட்காரர் உதைபந்தாட்டக் கழகக் கொடி. அதுக்கு இஞ்சாலை ஒரு மனுசி, கொடியிலை வைன் கிளாஸ் படம். அது ஏறினால் போத்தில் திறந்தாச்சு, விரும்பினவை வரலாம் எண்டு அர்த்தமாம். ரெரி எண்டு ஒருத்தர் கறுப்புக் கொடி, மண்டை ஓடும் ரெண்டு எலும்பும். கடற்கொள்ளைக்காரராம். வாழ்க்கையிலை கடலைக் காணாத மனுசன், சமையலறைக்கு ஓடு ஒட்டுறவர். ஒரு புருசன் பெண்சாதி மட்டும் கொடியே கூடாது, வாய்க்காலின்ரை வடிவு கெடுது எண்டு சங்கத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பினம். அவையும் ராணி செத்தண்டு ஒண்டு கட்டினவை.

இந்தப் பக்கத்துப் போட்தான் மல்கம். எழுபத்தெட்டு வயசு. கப்பலிலை வேலை செய்த மனுசன், சரக்குக் கப்பல். கொடியெண்டால் அவருக்குச் சட்டம். போட்டுக்குப் பின்னுக்கு எந்தக் கொடி, முன்னுக்கு எந்தக் கொடி, காலமை எட்டு மணிக்கு ஏத்தவேணும், பொழுதுபட இறக்கவேணும், நனைஞ்சதை மடிக்கக் கூடாது. இவை சும்மா கட்டுற யூனியன் ஜாக், இந்த நாட்டுக் கொடி, போட்டிலை கட்டவே கூடாதாம், சிவப்புக் கொடியின்ரை மூலைக்குள்ளை அது வாறதுதான் போட்டுக்காம். அவர் பிழை பிடிக்காத கொடி இந்த வாய்க்காலிலை இல்லை. ரெரியோடை ரெண்டு வருசம் கதையில்லை. அந்த மண்டை ஓடு கடலிலை செத்த மாலுமிமாரை நக்கலடிக்கிறது எண்டு மல்கம். பகிடி விளங்காத கிழவன் எண்டு ரெரி. ரெண்டு பேரும் என்னட்டைத்தான் வந்து சொல்லுவினம். நான் ரெண்டு பேருக்கும் ஓம் எண்டுவன். எனக்கு ஒருத்தரோடையும் சண்டையில்லை, அது என்ரை குணம்.

உன்ரை கொடி எங்கை விஸ், எண்டு மல்கம் கேட்டவர். விசுவலிங்கம் வாயிலை வராமல் விஸ் ஆக்கிப்போட்டார். எந்த நாடு எண்டால் ஸ்ரீலங்கா எண்டு சொல்லுவன். பாஸ்போட்டிலை பிறந்த இடம் அப்பிடித்தானே போட்டிருக்கு. அதுக்கு மேலை சொல்ல வெளிக்கிட்டால் எங்கை தொடங்கிறது? ஆயிரத்துத் தொளாயிரத்து எத்தினையிலை தொடங்கிறது? வெள்ளைக்காரன் ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கிற நேரத்துக்குள்ளை சொல்லி முடிக்கிற கதையோ அது? காத்துக்குக் கொடி சத்தம் போடும், எனக்கு நித்திரை வராது எண்டு சொல்லி விட்டன். சிங்கக் கொடியும் வேண்டாம், எங்கடை பக்கத்து மற்றக் கொடியும் வேண்டாம். கொடியளாலை நாங்கள் பட்டது காணும்.

மல்கம் ஒருக்கால், அறுபத்தெட்டிலையோ என்னவோ, கப்பலிலை கொழும்புக்கு வந்தவராம். துறைமுகத்திலை ஒருத்தர் தன்ரை வீட்டை கூட்டிக்கொண்டு போய்ச் சோறு குடுத்தவராம். அதை ஒரு நூறு தரம் சொல்லியிருப்பார். அந்த ஒரு சோத்துக்காக அவருக்கு எங்கடை தீவிலை அப்பிடி ஒரு பட்சம்.

நல்ல மனுசன் தம்பி. அதையும் சொல்லவேணும், சொல்லாட்டிக் கடவுள் பொறுக்காது. வந்த முதல் மாரிக் குளிரிலை பனி உறைஞ்சு கிடக்க, நான் விளிம்பாலை நடந்து வழுக்கித் தண்ணிக்குள்ளை போயிட்டன். இடுப்பளவு எண்டு சொன்னன்தானே. அந்தக் குளிரிலை இடுப்பளவு காணும், கை கால் ஒண்டும் சொல்வழி கேக்காது. அந்த வயசிலை மனுசன் படுத்துக் கிடந்து என்ரை கோட்டுக் கொலரிலை பிடிச்சு இழுத்து எடுத்தவர். எடுத்துத் தன்ரை உடுப்பை எனக்குப் போட்டு, மூண்டு நாள் சூப் வைச்சுத் தந்தவர். அப்பிடியான ஒருத்தரின்ரை முகத்தைப் பாத்து இது வேண்டாம், அது பிழை எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் சொல்லுவியளோ? சின்ன வயசு, சொல்லுவியள்.

அவருக்கு நான் ஒண்டு பழக்கினன். நாங்கள் தலையை இப்பிடி ரெண்டு பக்கமும் சரிக்கிறம்தானே. முதலிலை அவருக்குத் தலையிடி. ஓமோ இல்லையோ சொல்லு விஸ், எண்டுவார். எங்கடை ஆக்களுக்கு இது ஓம் எண்டு சொல்லிக் குடுத்தன். மனுசனுக்குப் புளுகம். வாற போறவைக்கெல்லாம் செய்து காட்டுவார். ரெரி என்னைப் பாத்து ஏதும் கேட்டால், கதைக்காத ரெரிக்கும் இவர் தூரத்திலை நிண்டு, அவன் ஓம் எண்டுறான், எண்டு மொழிபெயர்ப்பார்.

தேத்தண்ணி சரியோ? சாயம் கூடிப் போச்சோ?

எனக்கு ஒரு அக்கா. அன்னலட்சுமி. அம்மா வேளைக்குச் செத்துப்போனா, அக்காதான் என்னைப் பாத்தது. என்னை விட ஏழு வயசு மூப்பு. கலியாணம் கட்டிக் கிளிநொச்சிக்குப் போனவ. அத்தான் இடையிலை நெஞ்சு வருத்தத்திலை போயிட்டார். ஒரே ஒரு பெடியன், நிமலன். நான் படத்திலைதான் பாத்தனான், வடிவான பெடியன், எங்கடை அப்பான்ரை மூக்கு. ரெண்டாயிரத்தாறிலை அக்கா கடிதம் போட்டவ. சண்டை திரும்பத் தொடங்கப் போகுது, பெடியனுக்குப் பதினேழு வயசு, எப்பிடியாவது உன்னட்டை எடு, எண்டு.

அப்ப புஷ்பத்துக்கு வருத்தம் கடுமை. கிழமைக்கு மூண்டு தரம் ஆசுப்பத்திரி. எனக்கு வேலை நிரந்தரம் இல்லை. ஓம் எண்டு எழுத வழியில்லை. இல்லை எண்டு எழுத மனம் வரேல்லை. அக்காவுக்கு எப்பிடி இல்லை எண்டு எழுதிறது, என்னை வளத்தவ. மூண்டு நாள் யோசிச்சுப்போட்டு எழுதினன், பாப்பம் அக்கா, எண்டு. பிறகும் ரெண்டு கடிதம் வந்தது. அதுக்கும் அதுதான் எழுதினன். நான் பொய் எழுதேல்லை தம்பி, பாக்கத்தான் நினைச்சனான்.

நிமலன் கடைசிச் சண்டையிலை காணாமல் போனவன். செத்தவன் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை, இருக்கிறான் எண்டும் சொல்லேல்லை. அக்கா மற்றத் தாய்மாரோடை, பிள்ளையள் எங்கை எண்டு கேட்டுத் தெருவோரம் படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தவ, வருசக்கணக்கா. நான் போன் எடுத்தால் எடுக்கமாட்டா. பதினாலு வருசம் ஒரு கதை இல்லை. ஆர் மூலமாவது சேலை அனுப்பினால் திரும்பி வரும்.

போன வருசம் ஆனியிலை அத்தானின்ரை தம்பி வீட்டிலை, ஹரோவிலை, ஒரு கலியாணம். அக்காவுக்கு விசா எடுத்துக் கூப்பிட்டவை. அந்தக் கலியாண வீட்டுப் பிள்ளை, தர்சிகா எண்டு, எனக்குப் போன் எடுத்தது. மாமா, பெரியம்மா உங்களைப் பாக்கவேணும் எண்டு சொல்லுறா, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டிக்கொண்டு வாறன், ஒரு மணித்தியாலம் இருப்பா, எண்டது. நான் போனை வைச்சுப்போட்டு இந்த வாங்குப் பலகையிலை இருந்து அழுதன். வெக்கப்படாமல் சொல்லுறன், குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதன். மல்கம் சத்தம் கேட்டு வந்திட்டார், என்ன விஸ் எண்டு. அக்கா வாறா, பதினாலு வருசத்துக்குப் பிறகு ஊரிலை இருந்து வாறா, எண்டு சொன்னன். அவ்வளவுதான் சொன்னனான். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மனுசன் ஒரு பார்சலோடை வந்தார். இந்த மேசையிலை விரிச்சார். சிங்கக் கொடி. புதுசு, தானே மடிப்பு இல்லாமல் அயர்ன் பண்ணிக் கொண்டு வந்திருக்கிறார். கப்பல்காரரிட்டை ஒரு முறை இருக்காம். வேற்று நாட்டு விருந்தாளி உன்ரை கலத்துக்கு வந்தால், அவையின்ரை நாட்டுக் கொடியை இடப்பக்கத்திலை ஏத்தவேணுமாம். அது மரியாதைக் கொடியாம். உன்ரை அக்கா இவ்வளவு தூரம் வாறா, வந்து இறங்கேக்கை தன்ரை நாட்டுக் கொடியைக் காணவேணும், எண்டார். கம்பும் கொண்டு வந்தவர். சிங்கத்தின்ரை முகம் எந்தப் பக்கம் பாக்கவேணும் எண்டெல்லாம் புத்தகத்திலை பாத்து வைச்சிருக்கிறார்.

கொடியைப் பாக்கிறன், மனுசன்ரை முகத்தைப் பாக்கிறன். அந்த முகத்திலை அப்பிடி ஒரு வெளிச்சம். அவவுக்குப் பிடிக்குமோ விஸ், எண்டு கேட்டார்.

நான் தலையாட்டினன். இல்லை எண்டுதான் ஆட்டினன் தம்பி. பாருங்கோ, இப்பிடித்தான். இது இல்லை எண்டுதானே? வடிவாப் பாருங்கோ, திரும்பச் செய்யிறன். என்ன சிரிக்கிறியள்? கொஞ்சம் சரிஞ்சிருக்கலாம். நெஞ்சு படபடக்கேக்கை தலை நேராய் ஆடுமோ? ஆனால் என்ரை மனசிலை இல்லை எண்டுதான் இருந்தது. அவர் தான் படிச்சபடி ஓம் எண்டு எடுத்திட்டார். என்ரை தோளிலை தட்டிப்போட்டுப் போயிட்டார்.

சனிக்கிழமை முழுக்க யோசிச்சன். சொல்லிப்போடுவம் எண்டு மூண்டு தரம் அவரின்ரை கதவடிக்குப் போனன். ஒருக்கால் சர்க்கரைப் பொங்கல் குடுத்திட்டு வந்தன், மற்ற ரெண்டு தரமும் காலநிலை கதைச்சிட்டு வந்தன். சரி, ஏத்தட்டும், அக்கா பதினொண்டுக்குத்தானே வாறா, பத்தரைக்கு நான் மெல்ல இறக்கி ஒளிச்சுப்போட்டு, காத்து இழுத்துக்கொண்டு போயிட்டுது எண்டு சொல்லுவம் எண்டு நினைச்சன். நல்ல யோசினைதானே? ஒருத்தருக்கும் நோகாது.

ஞாயிறு எட்டு மணிக்கு என்ரை தலைக்கு மேலை சப்பாத்துச் சத்தம். ஏத்திப்போட்டார். நான் உள்ளுக்கு விடியப்புறமே சமைக்கத் தொடங்கியிட்டன். புட்டு, அக்காவுக்கு விருப்பமான கத்தரிக்காய்ப் பால்கறி, விளைமீன் குழம்பு. மீனுக்காக முதல்நாள் வெம்பிளிக் கடைக்குப் போயிட்டு வந்தனான். பத்து மணி போலை கையைக் கழுவிப்போட்டு இறக்குவம் எண்டு வெளியிலை வந்தால், கரையிலை ஒரு சிங்களச் சோடி. சின்னப் பிள்ளையள், கைக்குழந்தையைத் தள்ளுவண்டிலிலை வைச்சுக்கொண்டு. கொடியைக் கண்டிட்டு நிக்குதுகள். அந்தப் பெட்டைக்குக் கண் கலங்கியிருக்கு, வந்து நாலு மாசமாம், ஒருத்தரையும் தெரியாதாம். அங்கிள், கொழும்போ எண்டு கேக்குது. அந்த நேரம் அதுகளுக்கு முன்னாலை கொடியை அவிழ்க்கிறதோ? எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும், மறந்து போகேல்லை. கதைச்சன். குழந்தைக்குப் பிஸ்கற் குடுத்தன். அது பல்லில்லாத வாயாலை சிரிச்சுது, நானும் சிரிச்சன். நிமிர்ந்து பாக்கிறன், பாலத்தடியிலை அக்கா நிக்கிறா.

ஒரு மணித்தியாலம் முந்தி வந்திட்டா. எப்பவும் அப்பிடித்தான், பஸ்ஸுக்கும் ஒரு மணித்தியாலம் முந்திப் போய் நிக்கிறவ.

மெலிஞ்சு போனா. வெள்ளைச் சேலை, மேலை ஆரோ ஒருத்தரின்ரை கம்பளிக் கோட். கையிலை ஒரு உறை, அதுக்குள்ளை நிமலன்ரை படம். விசாவுக்கும் அதோடைதான் போனவவாம், பிளேனிலையும் மடியிலையாம். மெல்ல நடந்து வந்தா. அக்கா ஏதும் ஏசி அந்தப் பிள்ளையள் பிழையாய் விளங்கப்போகுதுகள் எண்டு நான் பயந்தன். அக்கா அதுகளுக்குக் கிட்ட வந்து, குனிஞ்சு, அந்தக் குழந்தையின்ரை பாதத்தை ஒருக்கால் உள்ளங்கையிலை பிடிச்சுப் பாத்தா. பிடிச்சுப் பாத்திட்டு விட்டா. அதுகள் கை காட்டிப்போட்டுப் போயிட்டுதுகள். பிறகுதான் என்ரை பக்கம் திரும்பினா.

"ஆரடா கட்டினது?"

பதினாலு வருசத்துக்குப் பிறகு முதல் கதை அது. பக்கத்துப் போட் மனுசன் அக்கா, இஞ்சத்தை முறை, உங்களுக்கு மரியாதைக்கு, எண்டு நான் வேகவேகமாச் சொன்னன்.

"உனக்குத் தெரியாமலோ?"

தெரியாமல் எண்டால் பொய். தெரியும் எண்டால், தெரிஞ்சும் விட்டவன் எண்டு வரும். தலையைத்தான் ஆட்டினன்.

அக்கா கத்தேல்லை, ஏசேல்லை. ஏசியிருந்தால் நல்லம். கரையிலை நிண்டபடியே சொன்னா:

"நீ பாப்பம் எண்டதை நம்பி நான் ரெண்டு வருசம் பாத்துக்கொண்டு இருந்தனான். இல்லை எண்டு எழுதியிருந்தாயெண்டால் பெடியனை வேறை எங்கையாவது அனுப்பியிருப்பன், அப்ப வழி இருந்தது. நீ எடுக்காததுக்கு எனக்குக் கோவம் இல்லையடா. உன்ரை கஷ்டம் உனக்கு. இல்லை எண்டு சொல்லாமல் விட்டியே."

அந்த நேரம் பாத்து மல்கம் வெளியிலை வாறார். நீலக் கோட், பித்தளைப் பொத்தான், நெஞ்சிலை மெடல். நேராய் நிண்டு அக்காவுக்கு ஒரு சலூட். அக்காவுக்குக் கண்ணாலை ஓடுது. அந்தக் கண்ணீரோடையே கையெடுத்து அவரைக் கும்பிட்டா. பிறகு என்னட்டை, "இந்த மனுசனிலை பிழையில்லை," எண்டா. சொல்லிப்போட்டுத் திரும்பி நடந்திட்டா. தர்சிகா பின்னாலை ஓடிச்சுது. நானும் பாலம் வரைக்கும் ஓடினன். கார் போயிட்டுது.

போட்டிலை கால் வைக்கேல்லை தம்பி. அவவுக்கு எண்டு இந்த மெத்தைக்குப் புது உறை போட்டிருந்தனான்.

ஒண்டு கேக்கிறன். அவ எனக்கு ஒரு சொல்லு, இறக்கடா எண்டு சொல்லியிருக்கலாம்தானே? சொல்லியிருந்தால் அந்த இடத்திலையே இறக்கியிருப்பன். அவ சொல்லேல்லை. அதுதான் எனக்கு அவவிலை இருக்கிற மனத்தாங்கல்.

திரும்பி வந்தால் மல்கம் கரையிலை நிக்கிறார். அவரின்ரை கண்ணும் சிவந்திருக்கு. நல்லாய் மனம் கலங்கிப் போனா, என்ன விஸ்? இவ்வளவு தூரத்திலை வந்து தன்ரை கொடியைக் கண்டது பெரிய விசயம்தானே, எண்டு கேட்டார். நான், ஓம் மல்கம், அவவுக்குச் சரியான சந்தோசம், எண்டன். உடம்பு ஏலாமல்தான் கெதியாப் போனவ எண்டன். சமைச்சதை அவர்தான் சாப்பிட்டவர். கத்தரிக்காயைத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

பிறகு அவர் கொடியை எடுக்கேல்லை. அக்கா திரும்பி வருமட்டும் இருக்கட்டும் எண்டிட்டார். மழையோ பனியோ, காலமை எட்டு மணிக்கு என்ரை தலைக்கு மேலை சப்பாத்துச் சத்தம். பொழுதுபட வந்து இறக்கி, காய வைச்சு, மடிச்சுக் கொண்டு போவார். பத்து மாசம். நான் அந்தச் சத்தத்துக்கு முதலே எழும்பிக் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பன். எங்கடை ஆக்கள் ஒண்டு ரெண்டு பேர் இந்தப் பக்கம் வந்தவை, கண்டிட்டு இப்ப வாறேல்லை. கோயிலிலை கண்டாலும் மற்றப் பக்கம் பாக்கினம். விக்கிறதுக்குப் பேப்பரிலை போட்டது அப்பதான். போட் கைமாறினால் கொடியும் தன்பாட்டிலை போயிடும், மனுசனுக்கும் நோகாது எண்டு நினைச்சன்.

அக்காவுக்கு எத்தினையோ தரம் போன் எடுத்தன். மணி அடிச்சுக்கொண்டே இருக்கும். இந்த முறை எடுத்தால் என்ன சொல்லுறது எண்டு எழுதியும் வைச்சிருந்தன். அந்தா, அந்த ஜன்னலிலை ஒட்டியிருக்கிற துண்டுதான். பிழை என்ரைதான் அக்கா. அவ்வளவுதான் எழுதியிருக்கு. எழுத மூண்டு மாசம் எடுத்தது.

பத்தொன்பது நாளுக்கு முதல் தர்சிகா எடுத்தது. அக்கா நித்திரையிலை போயிட்டாவாம். படம் நெஞ்சிலை கிடந்ததாம். செத்தவீட்டை வட்ஸப்பிலைதான் பாத்தன். கொள்ளி வைக்க மகன் இல்லாமல் ஆரோ தூரத்துப் பெடியன் வைச்சவன். நான் நிண்டிருந்தால் நான் வைச்சிருக்கலாம். விடுவாவோ தெரியாது.

மல்கத்துக்குச் சொல்லாமல் இருக்க ஏலுமோ? என்ரை முகத்தைப் பாத்திட்டே கேட்டிட்டார். கட்டிப்பிடிச்சு அழுதவர் தம்பி, தன்ரை கூடப்பிறந்தது மாதிரி. பிறகு வெளியிலை போனார். சப்பாத்துச் சத்தம் கேட்டது. நான் நினைச்சன் கடவுளே எண்டு இறக்கப் போறார் எண்டு. எட்டிப் பாத்தால், கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்கிக் கட்டிப்போட்டு, கழுத்திலை கறுப்பு ரையோடை நேராய் நிக்கிறார். உங்கடை ஆக்களுக்கு எத்தினை நாள் துக்கம் விஸ், எண்டு கேட்டார். முப்பத்தொரு நாள், அந்தியேட்டிச் சடங்கு வரைக்கும், எண்டு நான் சொல்லிப்போட்டன். கட்டிக் குடுத்த அக்காவுக்கு எனக்கு அவ்வளவு நாள் துடக்குத் தீட்டும் இல்லை. கேட்ட உடனை வாயிலை வந்திட்டுது. மூண்டு நாள் எண்டு சொல்லியிருக்கலாம்.

அடுத்த நாள் காலமை வெளியிலை வந்து பாக்கிறன், வரிசை முழுக்க, பன்னிரண்டு போட்டிலையும் பாதிக் கம்பம். உதைபந்துக் கொடி பாதியிலை. வைன் கிளாஸ் பாதியிலை. கொடி கூடாது எண்டு கடிதம் எழுதிறவை ஒரு கறுப்பு றிபன் கட்டியிருக்கினம். ரெரியின்ரை மண்டை ஓடும் பாதிக்கு இறங்கி நிக்குது, மல்கம் பக்கத்திலை நிண்டு கயிறு பிடிச்சுக் குடுக்கிறார். ரெண்டு வருசம் கதைக்காதவை, கை குடுக்கினம். விஸ்ஸின்ரை அக்காவுக்கு, எண்டு ரெரி என்னைப் பாத்துச் சொன்னார். இவ்வளவும் அக்காவுக்கு. எல்லாத்துக்கும் முன்னாலை அந்தச் சிங்கம். நான் கரையிலை நிண்டு ஒவ்வொரு போட்டாப் போய் எல்லாருக்கும் நன்றி சொன்னன்.

இன்னும் பன்னிரண்டு நாள் கிடக்கு தம்பி.

போட்டை வாங்கிறதும் விடுறதும் உங்கடை விருப்பம். இரும்பு நல்ல இரும்பு, அடியிலை ஒரு ஓட்டை இல்லை. நான் கேக்கிறது வேறை. போகேக்கை ஒருக்கால் அவரிட்டை நீங்கள் சொல்லுவியளோ? நீங்கள் இஞ்சை படிச்ச பிள்ளை, நல்ல இங்கிலீசிலை நோகாமல் சொல்லுவியள். அந்தக் கொடியை இறக்கச் சொல்லி. அந்தக் கொடிக்குக் கீழை அந்த மனுசிக்குத் துக்கம் கொண்டாடக் கூடாது எண்டு. நான் சொன்னனான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ. உங்களுக்கா மனசிலை பட்டது மாதிரி சொல்லுங்கோ.

ஏன் கீழை பாக்கிறியள்?

சரி, விடுங்கோ. இந்தா, கதவு திறக்கிற சத்தம். அவர்தான். ஜன்னலுக்குள்ளாலை உங்களைக் கண்டிட்டார். எங்கடை நிறத்திலை ஒரு ஆள் வந்திருக்கிறார் எண்டால், அக்காவின்ரை துக்கத்துக்கு வந்த சொந்தம் எண்டுதான் நினைச்சிருப்பார். தொப்பியைக் கழட்டிக் கையிலை வைச்சிருக்கிறார். உங்களுக்குத்தான் தம்பி. ஒருக்கால் எழும்பி நில்லுங்கோ. எழும்புங்கோ, மனுசனுக்கு மனம் நோகும்.